தோற்கடிக்க ஆளில்லாத ஏழு வருஷம்

2013 மார்ச் 12, ஹார்ட்ஃபோர்ட் நகரம். பிக் ஈஸ்ட் மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டம். யூகான் என்று ஊரே சுருக்கிக் கூப்பிடும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் நாட்டர் டேமும் 59-59 என்று சமமாக நிற்கின்றன. ஆட்டம் முடியப் போகிறது, பந்து யூகான் கையில். நாட்டர் டேமின் ஸ்கைலர் டிகின்ஸ் அதைத் தட்டிப் பறித்து, ஓடி, கூடைக்கு அடியில் வந்த நட்டலி அச்சோன்வாவிடம் தள்ளினார். அவர் போட்டுவிட்டார். 61-59. கடிகாரத்தில் மிச்சம் இருந்தது 1.8 நொடி.

தன் கான்ஃபரன்ஸுக்குள் யூகான் அடுத்த முறை தோற்க ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆயிற்று.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெரிய கல்லூரி அணிகளெல்லாம் அநேகமாக ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸில் உறுப்பினர். பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் கூடி நடத்தும் லீக் அது. நவம்பர், டிசம்பரில் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் அணிகளோடுதான். மார்ச்சில் கான்ஃபரன்ஸ் கோப்பை, அது முடிந்ததும் தேசிய அளவிலான நாக்-அவுட். ஆக, வருஷத்தின் பாதி ஆட்டங்களுக்கு மேல் எதிராளி யார் என்பதை அணி முடிவு செய்வதில்லை. அணியின் கோச்சும் முடிவு செய்வதில்லை. இந்தக் கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

1985-இல் ஜீனோ ஓரியெம்மா கோச் வேலைக்கு வந்தபோது பிக் ஈஸ்ட்டின் பலவீனமான அணிகளில் ஒன்று யூகான். இத்தாலியில் மோன்டெல்லா என்ற ஊரில் பிறந்து, ஏழு வயதில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன். வேலையில் சேர்ந்தபோது வயது 31. பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் ஒரு கிராமம். 1881-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம். இன்றைக்கும் வளாகத்தில் மாட்டுத் தொழுவம் உண்டு, அந்தப் பாலில் செய்த ஐஸ்கிரீமுக்கு வரிசையும் உண்டு. பெண்கள் அணி தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக வந்தது ஒரே ஒரு சீசனில். ஆடிய இடம் கிரீர் ஃபீல்டு ஹவுஸ் என்ற பழைய கூடம்; மழை பெய்தால் கூரை ஒழுகும். முதல் வருஷம் 12 வெற்றி, 15 தோல்வி. ஓரியெம்மாவின் கணக்கில் தோல்வி கூடுதலாக உள்ள ஒரே சீசன் அதுதான்.

1989-இல் முதல் பிக் ஈஸ்ட் கோப்பை. 1990 ஜனவரியில் குவிமாடக் கூரை போட்ட கேம்பல் பெவிலியன் திறந்தது, பத்தாயிரம் பேர் உட்காரலாம். 1995-இல் ரெபெக்கா லோபோ தலைமையில் ஒரு தோல்விகூட இல்லாமல் 35 ஆட்டமும் ஜெயித்து முதல் தேசியப் பட்டம். அந்தச் சமயத்தில்தான் மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி ஆட்டங்களை ஒளிபரப்ப ஆரம்பித்தது. கனெக்டிகட் சின்ன மாநிலம். சொந்தம் கொண்டாட அங்கே அப்போது வேறு பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது, இருந்த ஐஸ் ஹாக்கி அணியும் 1997-இல் ஊரைக் காலி செய்துவிட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்கள். கல்லூரிப் பக்கமே போகாத தாத்தா பாட்டிகள்கூட ஆட்டக்காரிகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார்கள்.

யூகான் வளர்ந்தது என்பது பாதிக் கதை. அக்கம்பக்கத்தாரும் கூடவே வளர்ந்தார்கள் என்பதுதான் பழைய பிக் ஈஸ்ட்டின் விசேஷம். 1995-இல் நாட்டர் டேம் சேர்ந்தது. அதே வருஷம் ரட்கர்ஸுக்கு விவியன் ஸ்ட்ரிங்கர் கோச்சாக வந்தார். ஆறே வருஷத்தில் நாட்டர் டேம், அரையிறுதியில் யூகானை வீழ்த்தி தேசியப் பட்டம் எடுத்துக்கொண்டு போனது. பின்னால் வந்த லூயிவில் 2009-இல் தேசிய இறுதி வரை வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் வில்லனோவா. ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லூரி. அதன் கோச் ஹாரி பெரெட்டா 1978-இல் வந்தவர், 2020 வரை இடத்தை விட்டு அசையவில்லை. அமெரிக்காவே தேடும் உயரமான, வேகமான பெண்கள் அவரிடம் வருவதில்லை. அதனால் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துவிடுவார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாஸ் மேல் பாஸ் போட்டு, எதிராளி பொறுமை இழந்து ஓரடி முன்னால் வந்த நேரம் பார்த்து முதுகுப் பக்கமாக ஒருத்தி கூடைக்கு வெட்டிப் போவாள். இல்லையென்றால் தூரத்திலிருந்து மூன்று புள்ளி. பார்ப்பவனுக்குக் கொட்டாவி வரும், எதிராளிக்கு எரிச்சல் வரும். 2003 மார்ச்சில் பிக் ஈஸ்ட் இறுதிக்கு யூகான் 70 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்து நின்றது. டயானா டராஸி இருந்த அணி. வில்லனோவா 52-48 என்று ஜெயித்தது. யூகானை நாற்பத்தெட்டில் நிறுத்துவது எப்படி என்று பெரெட்டா ஒரு ராத்திரியில் கண்டுபிடிக்கவில்லை. வருஷா வருஷம் அதே அணியோடு மோதி, அடிவாங்கி, பார்த்து வைத்திருந்தார். அதே சீசனில் யூகான் தேசியப் பட்டத்தையும் ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

2013-இல் பழைய பிக் ஈஸ்ட் தன் உச்சியில் இருந்தது. தேசிய அரையிறுதிக்கு வந்த நாலு அணிகளில் மூன்று, யூகான், நாட்டர் டேம், லூயிவில், ஒரே கான்ஃபரன்ஸ். நாலாவது கலிஃபோர்னியா. இறுதியில் யூகான் லூயிவில்லை 93-60 என்று வென்றது. அந்தக் கோடையிலேயே கான்ஃபரன்ஸ் உடைந்தது.

உடைத்தது அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்துக்குத்தான் தொலைக்காட்சிக் காசு கொட்டுகிறது. பத்து வருஷமாகவே ஒவ்வொரு கல்லூரியாகக் காசு இருக்கும் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. சிரகியூஸ், பிட்ஸ்பர்க், நாட்டர் டேம் எல்லாம் ஏசிசி என்ற கான்ஃபரன்ஸுக்குப் போயின. 2012 நவம்பரில் அங்கே ஓர் இடம் காலியானபோது யூகான் ஆசையோடு காத்திருந்தது. அழைப்பு லூயிவில்லுக்குப் போனது. ரட்கர்ஸ் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு. கால்பந்தைப் பெரிதாக நடத்தாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டன. யூகான் உட்பட மிஞ்சியவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் என்று ஒன்று முளைத்தது. ஹூஸ்டன், டல்லாஸ், மெம்ஃபிஸ், டல்சா, நியூ ஆர்லியன்ஸ், ஆர்லாண்டோ, டாம்பா என்று தெற்கெங்கும் சிதறிக் கிடந்த கல்லூரிகள். லூயிவில்லும் ரட்கர்ஸும் ஒரு வருஷத்தில் கிளம்பியபின் யூகானுக்குக் கிட்டத்தில் இருந்தது என்றால் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் மட்டும்தான். நாட்டிலேயே சிறந்த மகளிர் கூடைப்பந்து அணியை, தேறாத ஆண்கள் கால்பந்து அணிக்காக, பெட்டி படுக்கையோடு கட்டி அனுப்பிய மாதிரிதான் இது. அந்தப் பெண்களைக் கேட்டு யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஏழு சீசன்களின் கணக்கு இது: லீக் ஆட்டங்கள் 118, கோப்பை ஆட்டங்கள் 21. மொத்தம் 139. வெற்றி 139.

இதில் 100-44 என்பது சாதாரண வாரநாள் ஆட்டத்தின் ஸ்கோர் அல்ல, 2017 கான்ஃபரன்ஸ் இறுதி. எதிராளி சவுத் ஃப்ளோரிடா, லீக்கின் நல்ல அணிகளில் ஒன்று. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நாலு இறுதிகளில் யூகானிடம் தோற்ற அணி. கோப்பை நடந்த இடமும் கனெக்டிகட்டிலேயே, மொஹீகன் பழங்குடியினரின் கசினோவுக்குள் இருக்கும் அரங்கம். டாம்பாவிலிருந்து வரும் அணி சூதாட்ட இயந்திரங்களைத் தாண்டி உள்ளே போனால் கூட்டம் முழுக்க யூகான் சட்டை போட்டிருக்கும்.

நெருங்கி வந்தவர்கள் இல்லாமலில்லை. 2017 பிப்ரவரியில் யூகான் சவுத் கரோலினாவை வென்று தொடர்ச்சியாக நூறாவது வெற்றியைக் கொண்டாடியது. ஐந்து நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் டுலேன் என்ற அணி மூன்று புள்ளி வித்தியாசம் வரை கொண்டுவந்துவிட்டது. 63-60. ஆனால் அப்படிப்பட்ட இரவுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றபடி மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் முக்கிய ஆட்டக்காரிகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜெயிப்பதே குற்றமாகிப்போன காலமும் அதுதான். 2016-இல் தேசியப் போட்டியில் மிசிசிப்பி ஸ்டேட்டை 98-38 என்று அடித்தபோது, பாஸ்டன் குளோப் பத்தியாளர் டான் ஷானஸி யூகான் மகளிர் ஆட்டத்தையே கொல்கிறது என்கிற ரீதியில் எழுதினார். பிடிக்கவில்லை என்றால் பார்க்காதீர்கள் என்றார் ஓரியெம்மா. டைகர் உட்ஸ் ஜெயித்தபோது கோல்ஃப் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, மற்றவர்கள்தான் தங்களை உயர்த்திக்கொண்டார்கள் என்பது அவருடைய வாதம். நியாயம்தான். அந்த வருஷம் யூகானின் பிரீனா ஸ்டூவர்ட் நாலு வருஷத்தில் நாலாவது பட்டம் வாங்கினார். அவரும் மொரையா ஜெஃபர்சனும் மார்கன் டக்கும் தொழில்முறை லீக்கின் தேர்வில் முதல் மூன்று இடங்களில் போனார்கள். இப்படி மூன்று பேர் ஒரே அணியில் இருந்தால் எந்தக் கான்ஃபரன்ஸும் பலவீனமாகத்தான் தெரியும்.

மறுவருஷம் டல்லாஸில் தேசிய அரையிறுதி. அதே மிசிசிப்பி ஸ்டேட். யூகான் 111 ஆட்டங்களாகத் தோற்கவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசி நொடியில் ஐந்தடி ஐந்தங்குல மார்கன் வில்லியம் நின்ற இடத்திலிருந்து எம்பிப் போட்ட பந்து, மணி அடிக்க உள்ளே விழுந்தது. 66-64. ஓரத்தில் நின்ற ஓரியெம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தோற்ற கோச் சிரிப்பதைக் காமிரா பிடித்துவிட்டது. அடுத்த வருஷமும் அரையிறுதியில் கூடுதல் நேரம், நாட்டர் டேமின் அரிகே ஒகுன்போவாலே கடைசி நொடியில் போட்ட கூடை, 91-89. அதற்கடுத்த வருஷமும் அரையிறுதியில் நாட்டர் டேம்.

உடனே விளக்கம் தயாரானது: சொத்தை லீக்கில் ஆடி ஆடி, கடைசி இரண்டு நிமிஷ நெருக்கடி எப்படி இருக்கும் என்பதே இவர்களுக்கு மறந்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சொத்தை லீக்கிலிருந்து வந்துதான் 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று பட்டம் எடுத்தார்கள். அதில் 2014-இல் 40-0. லீக் தராத எதிர்ப்பை ஓரியெம்மா வேறு இடங்களில் தேடிக்கொண்டார். வெளி ஆட்டங்களுக்கு சவுத் கரோலினா, பெய்லர், நாட்டர் டேம், ஸ்டான்ஃபோர்ட் என்று பெரிய அணிகளாகப் பார்த்து அழைப்பார். பயிற்சியில் எதிர்ப்பக்கம் நிற்பது ஆண் மாணவர்கள். ஐந்து பெண்களுக்கு எதிராகச் சில நாள் ஐந்துக்கு மேலேயே ஆண்களை இறக்கிவிடுவார். பலவீனமான லீக் நல்ல அணியைக் கெடுத்துவிடும் என்பதை நான் பாதிதான் நம்புகிறேன். நம்பும் பாதி எது என்றால், ஒரே எதிராளியோடு ஜனவரியில் தடுமாறி, பிப்ரவரியில் திருத்திக்கொண்டு, மார்ச்சில் மூன்றாம் முறை சந்திப்பது. 2013-இல் நாட்டர் டேமிடம் மூன்று முறை தோற்ற யூகான் நாலாம் முறை, தேசிய அரையிறுதியில், வென்றது அப்படித்தான். டல்சாவோடு ஆடினால் திருத்திக்கொள்ள எதுவும் இருக்காது.

நட்டம் யாருக்கு என்று பார்த்தால் கணக்கு விசித்திரமாக இருக்கும். அப்போது தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க ஆர்பிஐ என்ற அளவுகோலைப் பார்ப்பார்கள். அதில் உன் வெற்றி விகிதத்துக்குக் கால் பங்குதான் மதிப்பு; உன் எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி. ஆகவே யூகானிடம் நாற்பது புள்ளியில் தோற்ற சவுத் ஃப்ளோரிடாவுக்கு அந்தத் தோல்வியிலும் லாபம் இருந்தது. ஜெயித்த யூகானுக்குத்தான் அந்த லீக் ஆட்டங்கள் சராசரியைக் கீழே இழுத்தன. இதைவிடக் கொடுமை காசு விஷயம். ஆண்கள் தேசியப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்குப் பங்குப் பணம் வரும், பல வருஷங்களாக உள்ள ஏற்பாடு. பெண்கள் போட்டியில் அன்றைக்கு அப்படி ஒரு பைசா கிடையாது. யூகான் பெண்கள் வாங்கிய பட்டங்களுக்கு அந்தக் கணக்கில் அவர்கள் கான்ஃபரன்ஸுக்கு வந்தது பூஜ்யம். கான்ஃபரன்ஸ்கள் ஏன் பெண்கள் அணிக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

2019-இல் அந்த லீக் போட்ட புதுத் தொலைக்காட்சி ஒப்பந்தப்படி யூகான் பெண்களின் பல ஆட்டங்கள் சந்தா கட்டிப் பார்க்கும் இணைய ஒளிபரப்புக்குப் போக இருந்தன. கனெக்டிகட்டின் அந்தத் தாத்தா பாட்டிகள் என்ன செய்வார்கள்? அந்தக் கோடையிலேயே யூகான் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்ப முடிவு செய்தது. வெளியேறும் கட்டணம் 1 கோடியே 70 லட்சம் டாலர். கால்பந்து அணியை எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் தனியே நிறுத்திவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் எந்தக் கால்பந்துக்காகப் போனார்களோ, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர முடிந்தது.

இப்போதைய பிக் ஈஸ்ட் பழைய பிக் ஈஸ்ட் அல்ல. நாட்டர் டேம் இல்லை, லூயிவில் இல்லை, ரட்கர்ஸ் இல்லை. வில்லனோவா, செயின்ட் ஜான்ஸ், செட்டன் ஹால் என்று பழைய முகங்கள் சில, கிரைட்டன், பட்லர், சேவியர் என்று புதிய முகங்கள் சில. 2020-21 சீசனில் யூகான் மறுபடி 18-0. கோப்பை ஆட்டங்களையும் அடுத்த சீசனின் முதல் பாதி வெற்றிகளையும் சேர்த்து, கான்ஃபரன்ஸுக்குள் தோற்காத ஆட்டங்கள் 169 ஆயின.

அதை முடித்தது வில்லனோவா. 2022 பிப்ரவரி 9, ஹார்ட்ஃபோர்டில், யூகானின் சொந்த மண்ணில், 72-69. பெரெட்டா ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் ஆடிய டெனிஸ் டில்லன் இப்போது கோச். மேடி சீக்ரிஸ்ட் என்ற ஒருத்தியை மையமாக வைத்து ஆடிய அணி. யூகானின் பேஜ் பெக்கர்ஸ் முழங்கால் காயத்தால் ஆடவில்லை என்று சொல்லலாம். ஆனால் எழுபதை முடித்த கல்லூரியே நூற்று அறுபத்தொன்பதையும் முடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இடம் மாறாமல் கிடப்பவர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். மறுவருஷம் மார்க்கெட் 59-52 என்றும், செயின்ட் ஜான்ஸ் கனெக்டிகட்டுக்கே வந்தும் வென்றன. சவுத் கரோலினாவிடமும் மார்க்கெட்டிடமும் அடுத்தடுத்துத் தோற்றது, 1993-க்குப் பிறகு யூகான் முதல்முறையாகத் தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்ற வாரம். அங்கே இது செய்தி.

பிறகு பெக்கர்ஸ் குணமாகி வந்தார், 2023-24-இல் லீக் ஆட்டங்கள் 18-0, 2024-25-இல் மறுபடி 18-0. அந்த இரண்டாம் சீசனில் தோற்ற மூன்று ஆட்டமும், நாட்டர் டேம், யூஎஸ்சி, டென்னசி என்று, கான்ஃபரன்ஸுக்கு வெளியே. 2025 ஏப்ரல் 6 அன்று டாம்பாவில் சவுத் கரோலினாவை 82-59 என்று வென்று, ஒன்பது வருஷம் கழித்துப் பன்னிரண்டாவது பட்டம். பலவீனமான லீக் காரணம் என்று சொன்ன யாரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. லீக் என்னவோ இப்போதும் பலவீனம்தான்.

மாறியது வேறொன்று. 2025 ஜனவரியில் பெண்கள் போட்டிக்கும் பங்குப் பணம் உண்டு என்று கல்லூரிகள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தன. முதல் வருஷம் ஒதுக்கியது 1 கோடியே 50 லட்சம் டாலர். ஆண்கள் பணத்தோடு ஒப்பிட்டால் கொசுறு. ஆனாலும் யூகான் பெண்கள் டாம்பாவில் ஜெயித்தபோது, போட்டியின் நாற்பது சொச்ச வருஷ வரலாற்றில் முதல்முறையாக, அவர்கள் ஆட்டம் அவர்கள் கான்ஃபரன்ஸின் வரவுப் பக்கத்தில் ஏறியது. இனி ஒரு கால்பந்து அணிக்காக அவர்களை மூட்டை கட்டும் முன் யாராவது அந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

விட்டுப்போன லீக் என்ன ஆயிற்று? யூகான் இல்லாத முதல் ஐந்து வருஷத்தில் அங்கே நாலு வெவ்வேறு அணிகள் கோப்பை வாங்கின: சவுத் ஃப்ளோரிடா, யூசிஎஃப், ஈஸ்ட் கரோலினா, ரைஸ், திரும்பவும் சவுத் ஃப்ளோரிடா. தேசிய அளவில் அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் மார்ச்சில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இறுதி ஆட்டங்கள் அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தன. நாலு இறுதிகளில் யூகானிடம் தோற்ற சவுத் ஃப்ளோரிடா கோச் ஹோசே ஃபெர்னாண்டஸ் 2021-இலும் 2025-இலும் கோப்பையைத் தூக்கினார். 2025 கடைசியில் தொழில்முறை அணியான டல்லாஸ் விங்ஸ் அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டது. அங்கே அவர் அணியின் முதல் நட்சத்திரம், யூகானிலிருந்து வந்த பேஜ் பெக்கர்ஸ்.